லேப்டாப்புக்கு மூன்று கால்: கோவளம் கடற்காற்றில் ஒரு சோதனை

சிறுசேரி ஐடி பூங்காவில் வேலை, கோவளத்தில் வாடகை வீடு, விடிகாலையில் சர்ஃபிங், பத்து மணிக்கு மீட்டிங். கொரோனாவுக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்படி வாழ்கிறவர்களை நிறையப் பார்க்க முடிகிறது. பலருடைய தோளில் கேமராப் பையும் தொங்கும். கழுத்து வலி என்று சொல்லாதவர் மட்டும் அநேகமாக யாரும் இல்லை. அலைமேல் பலகை ஓட்டி வந்த வலி அல்ல அது. கட்டிலில் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, குனிந்தே கிடந்ததால் வந்தது.

இவர்களுக்குப் பொருந்தும் என்று தோன்றிய ஒரு கருவியைச் செய்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் புழங்கிப் பார்த்தேன். கருவி என்று சொன்னாலும் விஷயம் சின்னதுதான்: கேமரா ட்ரைபாடின் தலையில் ஒரு பலகை, பலகைமேல் லேப்டாப். காலையில் வெளியே கேமராவைக் கேபிளில் இணைத்து, எடுக்கிற படத்தை உடனே பெரிய திரையில் பார்க்கலாம். பிற்பகலில் வீட்டுத் தாழ்வாரத்தில் அதையே நிறுத்தி, நின்றபடி ஆபீஸ் வேலை பார்க்கலாம். இரண்டு வேலைக்கு ஒரே பொருள் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஒரு வேலையை அது பிரமாதமாகவே செய்கிறது. மற்றதைப் பாதிதான் செய்கிறது. அந்தப் பாதியை முழுசாக்க ஆகும் செலவைச் சொல்லாமல் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்தப் பாதி வேலையை, அதாவது நின்றபடி ஆபீஸ் வேலை பார்ப்பதை, பார்த்துவிடுவோம். நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். நிமிர்ந்து நிற்கும்போது தலையின் எடை கழுத்துக்கு 5 கிலோ அளவில்தான் இருக்கும். 30 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை சுமார் 18 கிலோ ஆகிறது. 60 டிகிரியில் 27 கிலோ. இது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஆட்களின் கழுத்தில் அளந்தது அல்ல. ஆனாலும் மடியில் லேப்டாப் வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

லேப்டாப்பின் பிறவிக் குறை, திரையும் கீபோர்டும் ஒரே கீலில் பிணைந்திருப்பது. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை தோளுக்கு ஏறிவிடுகிறது. கீபோர்டை முழங்கை மட்டத்துக்கு இறக்கினால் தலை குனிகிறது. என் உயரம் 170 சென்டிமீட்டர். செருப்பில்லாமல் நின்றால் கண் சுமார் 158-ல் இருக்கிறது, மடக்கிய முழங்கை 105-ல். நடுவே அரை மீட்டருக்கும் மேல் இடைவெளி. 14 அங்குல லேப்டாப்பின் திரையோ விரித்தால் 21 சென்டிமீட்டர்தான் எழும்பும். ஆகவே வெறும் ட்ரைபாட் பலகையை எந்த உயரத்தில் வைத்தாலும் கழுத்துக்கோ மணிக்கட்டுக்கோ அநியாயம் நடந்தே தீரும். பழைய தபால் ஆபீசில் நின்றபடி பாரம் நிரப்பும் சாய்வுப் பலகை நினைவிருக்கும், நூலில் கட்டிய பேனாவோடு. ட்ரைபாட் பலகை அதுபோலத்தான்: பத்து நிமிஷத்துக்குச் சௌகரியம், நாள் முழுக்க வேலைக்கு ஆகாது.

இதற்குத் தனி கீபோர்டும் மவுஸும் வேண்டும். லேப்டாப் பலகை 137 சென்டிமீட்டரில், கீபோர்டு பலகை 105-ல் என்று இரண்டு தட்டாக அமைத்தால்தான் 'ஆரோக்கியம்' என்ற சொல்லுக்கே இங்கே இடம்.

நிற்பதே ஆரோக்கியம் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்தவர்களுக்காக 2021-ல் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் இருக்கை கட்டாயம் என்று அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. கேரளம் அதற்கு முன்பே, 2018-ல் செய்தது. வீங்கிய காலும் புடைத்த நரம்பும் அவர்களுக்குத்தான் தெரியும். 2015-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த நிபுணர் குழுவின் பரிந்துரை, மேசை வேலைக்காரர்கள் பணி நேரத்தில் மொத்தம் 2 மணி நேரம் நிற்பதும் நடப்பதுமாக ஆரம்பித்து, மெல்ல 4 மணி நேரத்துக்கு உயர்த்தலாம் என்பதுதான். நான் மீட்டிங்குகளை நின்று முடிக்கிறேன், நீண்ட எழுத்து வேலையை உட்கார்ந்து செய்கிறேன்.

இனி பலகை. இணையத்தில் ப்ரொஜெக்டர் ட்ரே என்ற பெயரில் தகரத் தட்டுகள் விற்கிறார்கள், அடியில் ட்ரைபாட் துளையோடு. ஏசி அறைக்குச் சரி. கோவளத்தின் உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்த விளிம்பிலிருந்து துரு கிளம்பிவிடும். மரம் மேல். 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். முழு ஷீட் தேவையில்லை, கிச்சன் கபோர்டு வேலை நடக்கும் இடத்தில் ஆசாரியிடம் கேட்டால் துண்டு கிடைக்கும். 36-க்கு 26 சென்டிமீட்டர் போதும். முன்விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பீடிங் அடித்தால் லேப்டாப் வழுக்காது. விசிறிக்குக் காற்று போக நடுவே நாலைந்து பெரிய துளை. மேலே வெள்ளை மைக்கா ஒட்டுங்கள். கறுப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் பலகை சூடேறி, அந்தச் சூட்டை லேப்டாப்பின் வயிற்றுக்கே கொடுக்கும். நறுக்கிய பக்கவாட்டு விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அவசியம். ப்ளைவுட்டில் ஈரம் அங்கேதான் நுழையும்.

வேலையின் உயிர்நாடி ஒரு போல்ட்டில் இருக்கிறது. உலகம் முழுக்கக் கேமராவையும் ட்ரைபாடையும் இணைக்கும் திருகு கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கொஞ்சம் பெரிய தலைகளுக்கு 3/8 அங்குலம், 16 மரை. நம் ஹார்டுவேர் கடைகளில் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். "ரெண்டு நூல் போல்ட், முக்கால் இஞ்ச் நீளம்" என்று கேளாம்பாக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்டது 6 எம்எம் போல்ட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.27. 6 எம்எம் போல்ட்டில் அந்த இடைவெளி 1. இரண்டு சுற்று நன்றாக ஏறி, மூன்றாவதில் இறுகும். பலத்தைக் காட்டினால் ட்ரைபாட் பக்கத்து மரை போய்விடும்.

"இது எம்எம் அண்ணே, எனக்கு இஞ்ச் மரை வேணும்" என்றதும் அவர் உள்ளே போய், தூசி படிந்த டப்பா ஒன்றைத் தட்டிக்கொண்டு வந்தார். "பழைய விட்வொர்த் மரை, இப்ப யாரும் கேக்கறதில்ல தம்பி." பொருந்தியது. கால் அங்குல விட்வொர்த்திலும் அங்குலத்துக்கு 20 மரைதான். மரையின் கோணம் மட்டும் 60-க்குப் பதில் 55 டிகிரி. கேமரா எடைக்கும் லேப்டாப் எடைக்கும் அந்த வித்தியாசம் பொருட்டல்ல. ஸ்டெயின்லெஸ் வேண்டுமென்றால் 304-ஐவிட 316 தரம் உப்புக்குத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் 304-க்கு லேசாகக் கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை முடுக்கிக் கடலோரத்தில் விட்டால் அலுமினியம் அரித்து, இரண்டும் கட்டிக்கொண்டு பிரியாமல் போகும்.

பலகையின் மேல்முகத்தில், பல் வைத்த டி-நட்டைச் சுத்தியால் அறைந்து பதிக்க வேண்டும். கீழிருந்து போல்ட் முடுக்கும்போது நட் மரத்துக்குள் இன்னும் இறுகும். அடியிலிருந்து பதித்தால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். ட்ரைபாட் தலையில் மாட்டும் ப்ளேட்டோடு வரும் திருகு 5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வெளியே நீட்டியிருக்கும், மேலே பதித்த நட்டை ஒழுங்காக எட்டிப் பிடிக்காது. முக்கால் அங்குலம் கேட்டது அதற்காகத்தான். ஒற்றைப் போல்ட்டில் பலகை சுழலும். ப்ளேட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை வைத்து, ப்ளேட்டின் மீதித் துளையில் சின்ன மர ஸ்க்ரூ இரண்டு அடித்தால் அசையாது.

கீபோர்டு தட்டுக்கு 42-க்கு 16-ல் இன்னொரு துண்டு. இதை மேல்பலகையிலிருந்து அலுமினியப் பட்டையில் தொங்கவிட்டால் பார்க்கக் கச்சிதம், ஆனால் தட்டத் தட்டத் திரை ஆடுகிறது. ஒரு மெயில் எழுதி முடிப்பதற்குள் தலை கிறுகிறுக்கும். ஸ்டுடியோக்காரர்கள் லைட் மாட்டப் பயன்படுத்தும் சூப்பர் கிளாம்ப்பை ட்ரைபாடின் முன்காலில் பிடித்து, அதன்மேல் தட்டை வைத்தால் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. ஒரு கால் கட்டாயம் நம்மை நோக்கியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை அழுத்தும்போது மொத்தமும் முன்னால் சாயும். அந்தக் காலில் நம் பெருவிரல் இடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, செருப்புப் போட்டுக்கொள்கிறேன். நடுத்தண்டை முழுக்க உயர்த்தி 137-ஐ எட்டும் மெலிந்த ட்ரைபாடாக இருந்தால் இந்த வேலையையே தொடங்காதீர்கள். நடுத்தண்டைத் தொடாமல், கால்களால் மட்டும் அந்த உயரம் வர வேண்டும்.

அடுத்தது வெளிவேலை. கருவி தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான்.

கோவளத்தில் படம் எடுப்பது என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சர்ஃபிங். மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃபிங் பள்ளியால் ஊர் பெயர் பெற்றது. கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. ஆனால் சர்ஃபிங் படத்துக்கு இந்தக் கேபிள் ஏற்பாடு சுத்தமாக உதவாது. நீண்ட லென்ஸைப் பிடித்துக்கொண்டு கரையோரம் ஓடுகிறவர் வாலாக லேப்டாப்பை இழுத்துக்கொண்டு போக முடியாது. எடுத்து முடித்தபின் கார்டைச் செருகி, பையன்கள் சுற்றி நின்று யார் அலையில் எப்படி விழுந்தார்கள் என்று சிரித்துப் பார்க்க மட்டும் பலகை பயன்படும். அதுவும் ஒரு பயன்தான்.

நிலையாக நிற்கும் பொருளை, நேரம் எடுத்துப் பிடிக்கிற படத்துக்குத்தான் இது. அப்படிப்பட்ட பொருளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். 1957-லிருந்து சிற்பக் கல்லூரி நடக்கும் ஊர், அதன் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கோயில்களுக்குச் சிலை அனுப்பும் பட்டறைகளுக்கு நல்ல படங்கள் தேவை. கருங்கல் சிலையைப் படமெடுப்பது லேசு அல்ல. மெருகேற்றிய இடம் வானத்தைக் கண்ணாடியாகக் காட்டும், உளி நின்ற இடம் கறுப்பில் மூழ்கிவிடும்.

ஒரு பட்டறை முற்றத்தில், மேகம் மூடிய காலையில், அம்மன் சிலை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் ட்ரைபாடில் நின்ற லேப்டாப்பில் படம் வந்து விழுந்ததும், வேட்டியில் கல்தூசியைத் தட்டியபடி வந்த ஸ்தபதி குனிந்து பார்த்தார்.

"தம்பி, மூக்கு நுனியில வெள்ளையா அடிக்குது பாருங்க. ஆரத்துக்கு அடியில பள்ளம் எடுத்திருக்கோம், அது ஒண்ணுமே தெரியல. இதைப் பாத்தா மெஷின் வேலைன்னு சொல்லிடுவான்."

வெள்ளைத் துணியை ஒருபுறம் பிடிக்கச் சொல்லி, மறுபுறம் கறுப்பு அட்டையை நிறுத்தி, இன்னொன்று எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் கீழ இருந்து வரட்டும் வெளிச்சம்" என்றார். அடுத்ததில் ஆரத்தின் ஒவ்வொரு மணிக்கும் அடியில் நிழல் விழுந்தது. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, உளித்தடம் இருக்கும் இடங்களை விரலால் தொட்டுக் காட்டினார். என் திரையில் கல்தூசி ரேகை. சிலையைச் செய்தவர் கண்ணால் படத்தைத் திருத்த முடிந்ததற்கு அந்தப் பலகைதான் காரணம். லேப்டாப்பைத் தரையிலோ ஸ்டூலிலோ வைத்திருந்தால் அந்த உரையாடலே நடந்திருக்காது. இந்த வேலைக்குக் கண்மட்டமும் தேவையில்லை, இரண்டு பேர் தோளோடு தோள் நின்று பார்க்க 110 சென்டிமீட்டர் போதும். கீபோர்டு தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம்.

படத்தைக் கேமராவிலிருந்து லேப்டாப்புக்குக் கொண்டுவரும் மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. கேனான், நிக்கான், சோனி மூன்றும் தங்கள் கேமராக்களில் பலவற்றுக்கு இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. கேபிள்தான் தகராறு. ஐந்து மீட்டர் நீளக் கேபிள் என்றால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் வகையாக இருக்க வேண்டும், சாதாரணக் கேபிளில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். கேபிளை லேப்டாப்பில் செருகுவதற்கு முன் ட்ரைபாட் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, வெல்க்ரோவால் கட்டுங்கள். யாராவது தடுக்கினால் இழுபடுவது காலாக இருக்கட்டும், யூஎஸ்பி துளையாக இருக்க வேண்டாம்.

பட்டறை முற்றத்தில் இருக்கும் நிம்மதி கடற்கரை மணலில் இருக்காது. எதிரி காற்று. விரித்த லேப்டாப் திரை ஒரு பாய்மரம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அதன்மேல் சுமார் 350 கிராம் விசையோடு தள்ளும். 40 ஆனால் 600 கிராம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ட்ரைபாட், பலகை, லேப்டாப் எல்லாம் சேர்ந்து 4 கிலோ, பாதங்கள் நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் விலகி நிற்கின்றன என்று வைத்துப் போட்ட கணக்கில், அந்த 600 கிராமிலேயே அது சாயும் எல்லைக்கு வந்துவிடுகிறது. வெயிலுக்காகத் திரையைச் சுற்றி அட்டை மறைப்பு வைத்தால் காற்று பிடிக்கும் பரப்பு இரட்டிக்கும். அப்போது 30-லேயே ஆபத்து.

ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை நடுத்தண்டின் கொக்கியில் மாட்டுங்கள். மறைப்பு இல்லாத திரை 60 வரை தாங்கும். கேன் அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே ஆட்டி விழவைக்கும், அடி மணலைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். மூன்று கால்களில் ஒன்று காற்று போகும் திசையில் நீட்டியிருக்க வேண்டும். கோவளத்தில் உச்சிப்பொழுதுக்குப் பிறகு கடலிலிருந்து காற்று ஏறும், ஆகவே ஒரு கால் ஊர்ப் பக்கம் பார்க்கட்டும். இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளிப் பக்கம் காற்று தள்ளினால் சாய்க்கப் பாதி விசையே போதும். மணலில் கால் புதையாமலிருக்க மூன்று கொட்டாங்கச்சி வைத்திருக்கிறேன், கால் நுனியை அதற்குள் இறக்கி ஓர் அழுத்து அழுத்தினால் ஒழுங்காக உட்காரும். இத்தனையும் செய்துவிட்டு, வாடைக்காற்று வீசும் மழைக்கால மாதங்களில் மணலுக்கே எடுத்துப் போகாமலிருப்பது உத்தமம்.

திரை வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண லேப்டாப் திரையின் பிரகாசம் 250 முதல் 400 நிட்ஸ். நேர் வெயிலில் அது செத்த திரை. கறுப்பு ஃபோம் அட்டையை மூன்று பக்கம் மடித்து எலாஸ்டிக்கால் மாட்டினால் நிழலில் வேலை நடக்கும், நேர் வெயிலில் நடக்காது. சூட்டையும் கவனிக்க வேண்டும். பல லேப்டாப்களின் கையேட்டில் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை என்றே போட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் இங்கே அது காலை பத்துக்கே தாண்டும். ஆகவே அந்த நாட்களில் வெளிவேலை விடிந்ததிலிருந்து எட்டரை மணிவரை, அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வையுங்கள். முறுக்கிப் பூட்டும் கால்களில் மணல் நுழைந்தால் அரைத்துவிடும். மடக்கும் நெம்புகோல் பூட்டு கொண்ட கால்கள் கடலோரத்துக்குத் தோது. லேப்டாப்பை நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றுங்கள். அதன் விசிறி உறிஞ்சிய உப்பை எந்தத் துணியும் துடைக்காது என்பதால், புது லேப்டாப்பை மணலுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பழையதுதான் போகிறது.

செலவு: ப்ளைவுட் துண்டு, மைக்கா, போல்ட், டி-நட், வார்னிஷ், ஆசாரிக்குக் கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்தது. கிளாம்ப்பும் கம்பியில்லாக் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தால் மூன்று மடங்கைத் தாண்டும். நல்ல கனமான ட்ரைபாட் ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு. இல்லாதவர் அதையும் சேர்த்து வாங்கினால், நிற்கும் மேசையையே வாங்கியிருக்கலாம்.

மாமல்லபுரம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடற்கரைக் கோயில் உள்ளிட்ட நினைவுச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றின் வளாகத்துக்குள் ட்ரைபாட் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வாசலில் கெஞ்சிப் பயனில்லை.

படம் எடுக்கிறவராக இருந்தால் இந்தப் பலகையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். போட்ட ஆயிரம் ரூபாய் முதல் வேலையிலேயே திரும்பிவிடும். கழுத்து வலிக்காக மட்டும் யோசிக்கிறீர்கள் என்றால், முதலில் தனி கீபோர்டு ஒன்று வாங்கி, லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின்மேல் ஏற்றி, உட்கார்ந்தபடியே ஒரு வாரம் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.